மருத்துவமனைக்கு எதிரே உறங்கும் குழந்தைகள்: இரண்டாம் வருகை ஏன் நடப்பதில்லை?

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் வாசலில் நின்று பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையைப் பார்த்தால், எதிரே தெரிவது ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கி, 1772 முதல் இப்போதைய இடத்தில் இயங்கிவரும் அந்த மருத்துவமனையை ஊர் இன்றும் ஜி.எச். என்றே சொல்கிறது. எழும்பூர் ஹால்ஸ் சாலையில் குழந்தைகளுக்கென்றே தனி அரசு மருத்துவமனை இருக்கிறது. வடக்கே போனால் ஸ்டான்லி. சென்ட்ரலைச் சுற்றியும், வால்டாக்ஸ் சாலையிலும், பிராட்வேயிலும், பாரிமுனை வரையும் நடைபாதையில் படுத்துறங்கும் குழந்தைகளுக்கு இவை எல்லாமே நடந்து போகும் தொலைவுதான். அங்கே ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது, மருந்துக்கும் கிடையாது. நாட்டின் பல பகுதிகளில் மருத்துவம் கிடைக்காததற்குச் சொல்லப்படும் இரண்டு பெரிய காரணங்கள் தூரமும் செலவும். இங்கே இரண்டும் இல்லை. இருந்தும் இந்தக் குழந்தைகளின் நோய்கள் ஆறுவதில்லை.

ஏன் என்று கேட்டால், பெரும்பாலும் "அவர்கள் மருத்துவமனைக்கே வருவதில்லை" என்ற விடைதான் வரும். அது பாதி உண்மைதான். காலைக் கண்ணாடி கிழித்து ரத்தம் நிற்காமல் ஓடினால் அவர்கள் வருகிறார்கள். ஓர் ஆட்டோக்காரரோ, பூக்கடை அம்மாவோ, கூடப் படுத்துறங்கும் பெரிய பையன்களோ கூட்டி வருகிறார்கள். தையல் போடப்படுகிறது, டி.டி. ஊசி போடப்படுகிறது, ஐந்து நாள் மாத்திரை தரப்படுகிறது. நடக்காமல் போவது அடுத்த வருகைதான். தையல் பிரிக்க, கட்டு மாற்ற, ரத்தப் பரிசோதனை முடிவு வாங்க, மீதி ஊசிகளைப் போட்டுக்கொள்ள அந்தக் குழந்தை திரும்பி வருவதில்லை. நம் மருத்துவ அமைப்பு, ஒவ்வொரு குழந்தைக்கும் பின்னால் ஒரு வீட்டுக் கதவும், ஓர் அடையாள அட்டையும், ஒரு பெரியவரும் இருப்பதாக எண்ணிக் கட்டப்பட்டிருக்கிறது. மூன்றும் இல்லாத குழந்தைக்கு முதல் நாள் சிகிச்சை கிடைக்கிறது. அதைத் தொடரும் வழி அதற்குக் கிடைப்பதில்லை.

யாரைத் தெருக்குழந்தை என்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு வாழ்க்கைகள் அடங்கியிருக்கின்றன. பகல் முழுவதும் தெருவில் வேலை செய்துவிட்டு இரவில் குடிசைக்குத் திரும்பும் குழந்தைகள் ஒரு வகையினர். பெற்றோருடன் நடைபாதையிலேயே குடும்பமாக வாழ்பவர்கள் இன்னொரு வகையினர். வடசென்னையில் இரண்டு மூன்று தலைமுறையாக ஒரே நடைபாதையில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. வீட்டைவிட்டு ஓடிவந்தோ தொலைந்துபோயோ தனியாக வாழ்பவர்கள் மூன்றாம் வகையினர். ரயில் நிலையங்களில் காணப்படுபவர்கள் பெரும்பாலும் இவர்களே. ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2017இல் வெளியிட்ட 21ஆம் பொதுக் கருத்துரை, இவர்கள் அனைவரையும் சேர்த்துத் 'தெருச் சூழலில் உள்ள குழந்தைகள்' என்று குறிப்பிடுகிறது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்படி இவர்கள் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள்'. மருத்துவக் கண்ணோட்டத்தில் மூன்று வகையினருக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றே: இரவில் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது.

இவர்கள் எத்தனை பேர் என்பதற்கு நம்பத்தகுந்த நாடு தழுவிய கணக்கு இல்லை. 2011இல் டெல்லியில் வெளியான ஒரு கணக்கெடுப்பு, அந்த நகரில் மட்டும் 50,923 குழந்தைகள் தெருவில் வாழ்வதாகவோ வேலை செய்வதாகவோ கண்டது. அதே ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிப்ரவரி 28 இரவில் வீடற்றவர்களை எண்ணி, நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் என்றது. ஒரே இரவில், விளக்கு குறைந்த தெருக்களில், இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களை எண்ணுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எண்ணிக்கையைக் காட்டிலும் கவலை தருவது வேறொன்று. இந்தியக் குழந்தைகளின் ரத்தசோகை, எடைக்குறைவு, தடுப்பூசி ஆகியவற்றைப் பற்றி நாம் மேற்கோள் காட்டும் எண்கள் தேசியக் குடும்பநல ஆய்விலிருந்து வருகின்றன. அந்த ஆய்வு வீடுகளிலிருந்து மாதிரி எடுக்கிறது. வீடில்லாத குழந்தையின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பது அந்த ஆய்வின் கணக்குக்குள் வருவதே இல்லை.

இனி அவர்களின் உடலுக்கு வருவோம். தெருக்குழந்தைகளின் நோய் என்றதும் அரிய, பயங்கரமான நோய்களை நினைக்க வேண்டியதில்லை. சொறிசிரங்கு, ஆறாத புண், காது ஒழுகல், சொத்தைப் பல், வயிற்றுப்போக்கு, இருமல் ஆகியவையே அதிகம். ஒவ்வொன்றுக்கும் மலிவான, நன்கு அறியப்பட்ட மருந்து உண்டு. அந்த மருந்து தெருவில் ஏன் தோற்றுப்போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, சொறிசிரங்கு ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்த்தாலே போதும்.

விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் தோலுக்குள் வளைதோண்டி முட்டையிடும் ஒரு நுண்ணிய உண்ணியால் வருவது இந்தச் சிரங்கு. இரவில் அரிப்பு கூடும். மருத்துவர் பெர்மெத்ரின் களிம்பு எழுதிக் கொடுத்து, கழுத்திலிருந்து பாதம்வரை பூசி, இரவு முழுவதும் விட்டு, காலையில் குளிக்கச் சொல்வார். உடுத்திய துணியையும் விரிப்பையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். அருகில் படுப்பவர்கள் அனைவரும் அதே நாளில் பூசிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும். இதில் ஒவ்வோர் அடியும் ஒரு வீட்டைக் கோருகிறது. உடம்பெல்லாம் பூச மறைவான இடம் வேண்டும். நடைபாதையில் அது பெண்பிள்ளைக்கு முடியவே முடியாது. குளிக்கத் தண்ணீர் வேண்டும். கட்டணக் கழிப்பிடத்தில் குளிக்கக் காசு கொடுக்க வேண்டும். ஒரே சட்டை உள்ளவன் அதைத் துவைத்துக் காயும்வரை எதை உடுத்துவான்? குளிருக்கும் பயத்துக்கும் ஒட்டி ஒட்டிப் படுத்துறங்கும் ஏழெட்டுப் பேரும் ஒரே நாளில் மருந்து பூசுவது எப்படி? போதாக்குறைக்கு, உண்ணி செத்த பிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் நீடிக்கும். இது இயல்பு என்று யாரும் எடுத்துச் சொல்லாததால், மருந்து வேலை செய்யவில்லை என்று குழந்தை முடிவு கட்டிவிடுகிறது.

அரித்து அரித்துக் கீறிய இடத்தில் கிருமி புகுந்து சீழ் வைக்கிறது. அந்தக் கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையாக இருந்தால், தோல் புண்ணுக்குச் சில வாரங்கள் கழித்துச் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் வீங்குகிறது. காலையில் எழும்போது முகம் ஊதியிருக்கும். சிறுநீர் குறைந்து கடுந்தேநீர் நிறத்தில் போகும். ரத்த அழுத்தம் ஏறும். அதற்குள் புண் ஆறிப்போயிருக்கும் என்பதால், இரண்டையும் இணைத்துப் பார்ப்பவர் இருக்கமாட்டார். வீட்டில் வளரும் பிள்ளையின் முகவீக்கத்தைத் தாய் விடியற்காலையிலேயே கண்டுகொள்வாள். தனியாக வாழும் சிறுவனின் முகத்தைக் காலையில் பார்த்து, நேற்று இப்படி இல்லையே என்று சொல்ல யாருமில்லை. சிரங்கு அற்பமான நோய் என்று கடந்துபோகக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நாய்க்கடியும் இதே கதைதான். கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் முதல் பாடம். நள்ளிரவில் நடைபாதையில் கடிபட்ட குழந்தைக்குக் குழாய் எங்கே இருக்கிறது? தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம். கடித்த நாளில் ஒன்று, பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். நான்கு வருகைகள். நாள் கிழமை பாராமல் வாழும் ஒரு சிறுவனுக்கு 28ஆம் நாள் என்பது எண்ணி வைத்துக்கொள்ள முடியாத ஒரு தூரம். காசநோய்க்கான மருந்தோ ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டியது. அந்த நோயாளிகளின் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் தருகிறது. அது வங்கிக் கணக்கில் போடப்படுகிறது.

போதையைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. குழந்தைகள் அதைச் 'சொல்யூஷன்' என்பார்கள். பஞ்சர் ஒட்டும் பசை. துணியில் நனைத்து மூக்கருகே வைத்து உறிஞ்சுகிறார்கள். அதில் உள்ள டொலுவீன் என்ற கரைப்பான் சில நொடிகளில் மூளைக்கு ஏறுகிறது. பசி மறக்கும், குளிர் மறக்கும், அடிபட்ட வலி மறக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டைவிட விலையும் குறைவு. ஆகவே ஒழுக்கக் கேடு என்று இதைச் சொல்வது பொருந்தாது. அந்தக் குழந்தை தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் தப்பான வைத்தியம் இது. தொடர்ந்தால் நடை தள்ளாடும், நினைவு குறையும், சிறுநீரகம் கெட்டு உடலில் பொட்டாசியம் வடிந்து கைகால் துவளும். இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று உயிர் போவதும் உண்டு. முதல் முறை உறிஞ்சியவருக்கும் அது நேரலாம்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களைவிடக் குழந்தைகளிடையே அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதைப்பொருள் வகை இப்படி மூக்கால் உறிஞ்சப்படும் பொருள்கள்தாம்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுள்ளவர்களில் 1.17 சதவீதம். சுமார் 4.6 லட்சம் குழந்தைகளுக்கு இதிலிருந்து மீள உதவி தேவை என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. அதுவும் வீடுதோறும் சென்று எடுத்த ஆய்வே. புட்டியில் விற்கப்பட்ட, இதே போல உறிஞ்சப்பட்டுவந்த ஒயிட்னரையும் தின்னரையும் 2012இல் அரசு தடை செய்தது. பஞ்சர் கடையின் பசையை அப்படித் தடை செய்ய முடியாது. குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுவரை சிறை என்கிறது இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. ஆனால் மருத்துவமனைக்குள் இந்தப் பிரச்சினை வேறு வடிவத்தில் வெளிப்படுகிறது. வார்டில் சேர்க்கப்பட்ட சிறுவனுக்கு, வழக்கமான சொல்யூஷன் கிடைக்காத முதல் இரவிலேயே எரிச்சலும் நடுக்கமும் தூக்கமின்மையும் தொடங்கும். குழந்தைகள் வார்டில் அதைக் கண்டறிந்து தணிக்கும் ஏற்பாடு அரிது. மறுநாள் காலை படுக்கை காலியாக இருக்கும். சொல்லாமல் போய்விட்டான் என்று கேஸ் ஷீட்டில் எழுதி மூடிவிடுவார்கள்.

மருத்துவமனைக்குள் நடப்பதை இன்னும் சற்று உற்றுப் பார்ப்போம். ஓ.பி. பெரும்பாலும் காலை நேரத்தில்தான். குப்பை பொறுக்கும் பிள்ளைகளுக்கு அதுவே சம்பாத்திய நேரம். விடியுமுன் கிளம்பி, பொறுக்கியதைத் தரம் பிரித்துக் காயலான் கடையில் போட்டால்தான் அன்றைய சாப்பாடு. அதைவிட்டு வரிசையில் நின்றாலும், சீட்டு வாங்கும் இடம், மருத்துவர் அறை, ரத்தம் எடுக்கும் இடம், மருந்து தரும் இடம் என்று எழுத்துப் படித்தவர்களுக்கே கால் வலிக்கும் அலைச்சல். சேர்க்க வேண்டும் என்றால், 'கூட யார் இருக்கா?' என்பதே முதல் கேள்வி. அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு தாயை நம்பி நடக்கிறது. பிள்ளையைக் கழிப்பறைக்குத் தூக்கிச் செல்வதும், மாத்திரையை நேரத்துக்கு ஊட்டுவதும், ட்ரிப்ஸ் தீர்ந்தால் நர்ஸை ஓடிப்போய் அழைப்பதும் தாயின் வேலை. ஒரு நர்ஸ் பல படுக்கைகளைப் பார்க்கும் இடத்தில் இது யாருடைய தவறுமல்ல. ஆனால் உடன் ஆளில்லாத குழந்தை அந்த வார்டின் கணக்கில் கூடுதல் சுமையாகிவிடுகிறது.

அறுவை சிகிச்சை என்றால் கையெழுத்து வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலையில் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. சட்டச் சடங்குகளுக்காக அவசர சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சிகிச்சைக்கு அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு பாதுகாப்பு அளித்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு அளிக்கிறது. சிக்கல் அவசரமற்ற சிகிச்சைகளில்தான். குடலிறக்கம், கோணலாகச் சேர்ந்துவிட்ட எலும்பு, ஒழுகும் காதின் செவிப்பறை ஆகியவை காத்திருக்கலாம் என்பதாலேயே காலமெல்லாம் காத்திருக்கின்றன. ஆதரவற்ற குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்க இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி அமைக்கப்படும் குழந்தைகள் நலக் குழுவிடம் போய் ஆணை பெற வேண்டும். அதற்கு ஒருவர் நடக்க வேண்டும்.

நலக் குழு என்றதும் இன்னொரு முடிச்சு வருகிறது. கைவிடப்பட்ட, தொலைந்த அல்லது ஆதரவற்ற குழந்தை தன் பொறுப்பில் வந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 32ஆம் பிரிவு மருத்துவமனைகளையும் சேர்த்தே கட்டளையிடுகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதே சமயம், அவசர சிகிச்சைக்கு முன்பாக எந்த ஆவணமும் கேட்கக் கூடாது என்று போக்சோ விதிகள் சொல்கின்றன. இந்தச் சட்டங்களின் நோக்கத்தில் குறையில்லை. தொலைந்த எத்தனையோ பிள்ளைகள் இவற்றால்தான் வீடு சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் ரயில் நிலையச் சிறுவனுக்குச் சட்டம் காக்கி உடையாக மட்டுமே தெரியும். 'ஆஸ்பத்திரிக்குப் போனா ஹோமுக்குப் புடிச்சுக் குடுத்துடுவாங்க' என்பது அவர்களுக்குள் வாய்வழியாகப் பரவியிருக்கும் அறிவு. அதனால் காய்ச்சலை மெடிக்கல் ஷாப்பில் சில்லறைக்கு வாங்கும் இரண்டு மாத்திரையோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் ஒரு நாள், வலி மாத்திரை ஒரு நாள். மாதவிடாய் நின்றுபோன ஒரு பதினாறு வயதுப் பெண், அச்சத்தால் அந்தக் கடைக்குக்கூடப் போவதில்லை.

தமிழ்நாட்டின் நலத்திட்டங்கள் மற்ற மாநிலங்கள் பார்த்துப் பொறாமைப்படத் தக்கவை என்பதே என் எண்ணம். அதனால்தான் அவை இந்தக் குழந்தைகளின் அருகில் வந்து நின்றுவிடுவது வலிக்கிறது. 2013 முதல் நடக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம், பிறப்பு முதல் 18 வயதுவரை எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்கும் திட்டம். பரிசோதனை நடப்பது அங்கன்வாடியிலும் பள்ளியிலும். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளி வழியாகவே வருகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். இரண்டுக்கும் முகவரி வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. வாசல் இருக்கும் வீட்டுக்கு.

அட்டை இல்லாமலும் செய்ய முடியும் என்பதற்கு இதே மாநிலத்தில் சான்று இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், அட்டை உண்டா என்று பாராமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமாகத் தரப்படுகிறது. அதே ஆண்டு மே மாதம், அடையாள ஆவணம் ஏதும் இல்லாதவர்களுக்கும் கொரோனா தடுப்பூசி போட மத்திய அரசு தனி நடைமுறை வகுத்தது. சாலையில் வாகனம் மோதிய குழந்தையிடம் நாம் அட்டை கேட்பதில்லை. சாலையோரத்தில் ஆறு மாதமாக இருமும் குழந்தையிடம் கேட்கிறோம்.

பயன் தருகிற முயற்சிகளில் ஒரு பொது அம்சம் தெரிகிறது: அவை குழந்தை இருக்கும் இடத்துக்கு, குழந்தைக்குத் தோதான நேரத்தில் போகின்றன. டெல்லியில் 1989இல் தொடங்கப்பட்ட பட்டர்ஃபிளைஸ் என்ற அமைப்பு, தெருக்குழந்தைகளுக்கே முதலுதவியும் நலக்கல்வியும் கற்பித்து, அவர்களைத் தம் கூட்டாளிகளின் உடல்நலத்தைக் கவனிப்பவர்களாக ஆக்கியது. ஒருவனுக்குக் காய்ச்சல் என்பது முதலில் தெரிவது அருகில் படுத்திருப்பவனுக்குத்தான் என்பதால், இது மிகவும் பொருத்தமான வழி. பெரிய ரயில் நிலையங்களில் குழந்தை உதவி மையங்கள் இருக்கின்றன. சென்னையில் 1995 முதல் வடசென்னையில் இயங்கும் கருணாலயா போன்ற அமைப்புகள் நடைபாதைக் குடும்பங்களோடு நீண்ட உறவு வைத்திருக்கின்றன. 2023 ஜூனில் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் திறக்கப்பட்ட 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் இயங்குவது, காலையில் உழைக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய வாய்ப்பு; அங்கே போகலாம் என்று அவர்களிடம் சொல்வார்தான் வேண்டும். 1996இல் மும்பையில் தொடங்கிய, குழந்தைகளுக்கான 1098 உதவி எண், 2023இல் அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாறி 112 அவசர உதவி எண்ணோடு இணைக்கப்பட்டது. காவல் துறைக்கும் போகும் எண்ணோடு சேர்ந்துவிட்ட அந்த எண்ணைக் காக்கிக்கு அஞ்சும் குழந்தை தானாக அழைக்குமா என்பதைப் பொறுப்பில் இருப்பவர்கள் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், புதிய கட்டடத்தைவிட அவசரமானது ஓர் ஆள். பெரிய அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும், துணையின்றி வரும் குழந்தையோடு உடன் நிற்பதையே வேலையாகக் கொண்ட, சம்பளம் பெறும் ஒருவர். சீட்டு வாங்கித் தருபவர், வார்டில் இரவு இருப்பவர், நலக் குழுவுக்கு நடப்பவர், சொல்யூஷனுக்கு ஏங்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுபவர். மற்றொன்று காகிதம். நடைபாதையைச் சுத்தம் செய்யும்போது மூட்டைகள் குப்பை வண்டியில் ஏறும், மழையில் ஓ.பி. சீட்டு கரையும். களப்பணியாளர்கள் இதை அறிந்து, குழந்தைகளின் மருத்துவச் சீட்டுகளைத் தங்கள் பையிலேயே பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பார்கள். அவர்களின் குறிப்பேட்டில் பெயருக்கு எதிரே தேதிகள் இருக்கும்: நாய்க்கடி ஊசி, முதல் நாள், 3, 7, 28. முதல் மூன்றுக்கும் டிக் போட்டிருக்கும். 28ஆம் நாளன்று விடியற்காலையில், காயலான் கடை திறக்கும் முன்பே, அந்தப் பையன் வழக்கமாகத் தூங்கும் பாலத்தடிக்குப் போய் அவனை எழுப்ப வேண்டும்; அங்கே இல்லையென்றால் பக்கத்தில் படுத்திருப்பவனிடம், நேற்று எங்கே படுத்தான் என்று கேட்க வேண்டும்.